வாங்குபவர் பக்கம் நிற்பவர் யார்? பதுளைக் காணி உறுதிகள் சொல்லும் கதை

2024ஆம் ஆண்டின் கோடையில் ரொறன்ரோவில் தங்கியிருந்தபோது, ஒரு ஞாயிறு பிற்பகலில் என் தங்கை மகளோடும் அவள் கணவரோடும் விற்பனைக்கு வந்த வீடொன்றைப் பார்க்கப் போனேன். ஸ்காபரோவின் அமைதியான தெருவொன்றில் இருந்த வீடு அது. இரண்டு மணி முதல் நான்கு மணி வரை யாரும் வந்து பார்க்கலாம் என்று வாசலில் பலகை நட்டிருந்தார்கள். அந்நாட்டில் இதனை 'ஓப்பன் ஹவுஸ்' என்கிறார்கள்.

வாசலில் சப்பாத்தைக் கழற்றினோம். நம் ஊர் வழக்கம் அங்கும் இருப்பது மனத்துக்கு இதமாக இருந்தது. உள்ளே நின்ற முகவர் ஒரு தாளை நீட்டிப் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதச் சொன்னார். பிறகு, "உங்களுக்கென முகவர் யாரும் இருக்கிறாரா?" என்று கேட்டார். மருமகள் இருக்கிறார் என்று சொல்லி அவருடைய பெயரை எழுதினாள். மனிதர் புன்னகைத்து விலகிக்கொண்டார். அதன் பின் எங்களை எதுவும் துருவிக் கேட்கவில்லை.

மாடியறைக்குப் போனதும் நான் வழக்கம்போல வாயைத் திறந்தேன். "வீடு நல்ல வீடு. கேட்கிற விலையைக் கொடுக்கலாம்" என்றேன். மருமகள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். "மாமா, இங்கே ஒன்றும் பேச வேண்டாம். கீழே நிற்பவர் விற்பவருடைய ஆள்" என்றாள்.

காரில் ஏறியதும் விளக்கினாள். ஒன்ராறியோ மாகாணத்தில் 2023 டிசம்பர் 1ஆம் திகதி முதல் புதிய சட்ட விதிகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. முகவர் ஒருவர் வேலையைத் தொடங்குமுன், ஒழுங்குமுறைச் சபை வெளியிட்ட வழிகாட்டி நூலை வாடிக்கையாளரிடம் கொடுத்து அதனை விளக்க வேண்டும். வாங்குபவர் ஒன்றில் ஒரு முகவரோடு எழுத்து மூலம் உடன்படிக்கை செய்து அவருடைய கட்சிக்காரர் ஆகலாம். அல்லது தமக்குத் தாமே பொறுப்பானவர் என்ற நிலையில் நிற்கலாம். இரண்டுக்கும் நடுவே ஒரு நிலை இல்லை. வீட்டைத் திறந்து வைத்து வரவேற்கும் முகவர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும், அவர் காக்கக் கடமைப்பட்டது விற்பவரின் நலனையே. அவர் காதில் விழும் ஒவ்வொரு சொல்லும் விற்பவரைப் போய்ச் சேரும்.

2024 ஆகஸ்ட் 17ஆம் திகதி முதல் அமெரிக்காவிலும் இதையொத்த மாற்றம் வந்தது. மிசூரியில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றமொன்றில் வீடு விற்றவர்கள் தொடுத்த வழக்கில், தேசிய வீட்டு முகவர் சங்கம் 2023 ஒக்டோபரில் தோற்றது. பின்னர் அது 418 மில்லியன் டொலர் தருவதாக இணங்கிச் சமரசம் செய்துகொண்டது. அந்தச் சமரசத்தின்படி, முகவர் ஒருவர் வாங்குபவரை வீடு பார்க்க அழைத்துச் செல்லுமுன் அவரோடு எழுத்தில் உடன்பாடு செய்திருக்க வேண்டும். கட்டணம் எவ்வளவு என்பதும் அதில் இருக்க வேண்டும். தாமாக ஓப்பன் ஹவுஸுக்குள் நுழைந்து பார்ப்பவருக்கு மட்டும் அந்தத் தாள் தேவையில்லை.

இவற்றைக் கேட்டுக்கொண்டிருந்தபோது என் மனம் பதுளைக்குப் போய்விட்டது. ஊவா மலைகளின் இருநூறு ஆண்டுக் காணிக் கதை முழுவதையும் ஒரே கேள்விக்குள் அடக்கிவிடலாம் என்று தோன்றியது. வாங்குபவர் பக்கம் நிற்பவர் யார்? அதனை எந்தத் தாள் சொல்கிறது?

*

பதுளையில் வீடு பார்க்கும் முறை வேறு. பலகை கிடையாது. தரகர் ஒருவர் கடைவீதியில் காதோடு காதாகச் சொல்வார். இராகு காலம் கழித்துப் போவோம். வீட்டுக்காரர் தேநீர் தருவார். அதைக் குடிக்காமல் எழுந்தால் வீடு பிடிக்கவில்லை என்று பொருள். அறைகளை எட்டிப் பார்க்கலாம். அலுமாரியைத் திறக்கக் கூடாது. வீட்டுக்குள் விலை பேசுவது மரியாதைக் குறைவு. கேட்டுக்கு வெளியே வந்த பிறகு தரகர் மெல்ல ஒரு தொகையைச் சொல்வார். பேச்சு முடிந்தால் நல்ல நேரம் பார்த்து அச்சாரம் கைமாறும்.

அழகான நாகரிகந்தான். ஆனால் அந்தத் தரகர் யாருடைய ஆள் என்று நாம் யாரும் கேட்டதில்லை. இரண்டு பக்கமும் தரகு வாங்குவதை ஒரு குறையாகவும் நினைத்ததில்லை. எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தது கடைசியில் வரும் நொத்தாரிசு ஒருவரைத்தான்.

அந்த நொத்தாரிசு முறையின் வேர் 1840இல் இருக்கிறது. அவ்வாண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காணி விற்பனை எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு கையெழுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அது செல்லாது என்று விதித்தது. மோசடிகளைத் தடுப்பது என்பதே அச்சட்டத்தின் பெயர். இன்றும் இலங்கையில் காணி விற்பனையின் அடிப்படை அதுவே.

அதே ஆண்டில் 12ஆம் இலக்கச் சட்டமொன்றும் பிறந்தது. காடும் தரிசும், குடிகள் பயிரிடாத நிலமும், மாறாக நிறுவப்படும்வரை முடிக்குரியவை என்று அது அனுமானித்தது. கண்டிப் பிரதேசத்துச் சேனை நிலங்களைப் பொறுத்தவரை, சன்னஸோ கொடைப் பத்திரமோ வழக்கமான வரி செலுத்திய சான்றோ காட்ட வேண்டியிருந்தது. தலைமுறைகளாகச் சேனை வெட்டி, காட்டில் மாடு மேய்த்து வாழ்ந்த ஊவாக் கிராமத்தானிடம் தாள் ஏது?

இரண்டு சட்டங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தாள் இல்லாமல் நடக்கும் விற்பனை செல்லாது என்றது ஒன்று. தாள் இல்லாத நிலம் அரசுடையது என்றது மற்றது. முதலாவது வாங்குபவரைக் காத்தது. இரண்டாவது, அவர் வாங்குவதற்கு மலைகளையே திறந்து வைத்தது. 1833 முதல் ஏக்கர் ஐந்து ஷில்லிங் என்ற குறைந்தபட்ச விலைக்கு அந்த நிலங்கள் கோப்பித் தோட்டக்காரர்களிடம் போயின. 1844இல்தான் அவ்விலை இருபது ஷில்லிங் ஆக்கப்பட்டது. வாங்கியவர்களுள் ஆட்சியை நடத்திய அதிகாரிகளும் இருந்தனர் என்பது வரலாறு.

அந்த வாங்குபவர்களுக்கு முகவர்கள் குறையவில்லை. கொழும்பில் எழுந்த ஏஜென்சி ஹவுஸ்களின் வேலையே அதுதான். லண்டனில் இருக்கும் முதலாளி ஊவாவை ஒரு முறையும் பார்க்காமல் இங்கு தோட்டம் வைத்திருக்கலாம். தோட்டத்தை மேற்பார்வை செய்வதும், கணக்குப் பார்ப்பதும், விளைச்சலை விற்பதும், அற்றோணித் தத்துவத்தின் பேரில் கையெழுத்திடுவதும் ஏஜென்சி ஹவுஸின் பொறுப்பு. 1869இல் இலைத் துரு நோய் வந்து கோப்பி அழிந்தது. 1884இல் ஓரியண்டல் வங்கி வீழ்ந்தது. தோட்டங்கள் மலிந்தன. 1890இல் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து, ஹப்புத்தளைப் பகுதியில் தம்பேத்தன்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். பணமுள்ளவர் வாங்க வந்தால் அவருக்காகப் பேசவும் எழுதவும் ஆட்கள் தாமாகவே வந்து சேர்வார்கள்.

*

அந்தத் தோட்டங்களில் வேலை செய்ய வந்த நம்மவர் கையிலும் ஒரு தாள் இருந்தது. அதன் பெயர் 'துண்டு'. தொழிலாளி பட்ட கடனை அடைத்தால் அவரை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதித் தரும் சீட்டு அது. அதை எடுத்துக்கொண்டு கங்காணி இன்னொரு தோட்டத்துக்குப் போவார். அத்தோட்டம் கடனைக் கட்டும். தொழிலாளி தம் கடனோடு இடம் மாறுவார். ஒரு தோட்டத்தின் கணக்கேட்டில் தொழிலாளரின் கடன் வரவேண்டிய பணமாக நின்றது. நிலத்துக்கு உறுதி இருந்ததுபோல ஆளுக்குத் துண்டு இருந்தது. எழுதப்பட்டவருக்கு அதை வாசிக்கத் தெரியாது. 1921இல்தான் துண்டு முறை ஒழிக்கப்பட்டது.

பதுளைக்கு 1924இல் ரயில் வந்தது. நகரம் வளர்ந்தது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளைகளும் பெரிய கங்காணிகளும் கடைக்காரரும் நகரத்தை ஒட்டி இரண்டொரு பேர்ச்சஸ் காணி வாங்க ஆசைப்பட்டார்கள். ஆனால் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று.

இந்த வரலாறு எழுதப்பட்ட அளவுக்கு, 1963ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நிதிச் சட்டம் எழுதப்படவில்லை. இலங்கைப் பிரஜை அல்லாத ஒருவருக்குக் காணி கைமாறினால், அக்காணியின் பெறுமதிக்குச் சமமான தொகையை வரியாகக் கட்ட வேண்டும் என்று அது விதித்தது. நூற்றுக்கு நூறு வீதம். ஆயிரம் ரூபாய்க் காணிக்கு இன்னோர் ஆயிரம். வெளிநாட்டு முதலாளிகளைக் குறி வைத்ததாகச் சொல்லப்பட்ட வரி, பிரஜாவுரிமைக்காகக் காத்திருந்த கணக்கப்பிள்ளையின் கதவையும் சாத்தியது.

அப்படிக் காத்திருந்தவர்களுள் ஒருவர் என் தந்தை.

*

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அவர் கணக்கப்பிள்ளை. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்துப் பதிலுக்குக் காத்திருந்தார். 1974இல் பதுளை நகருக்கு வெளியே பன்னிரண்டு பேர்ச்சஸ் காணி விலைக்கு வந்தது. கையில் இருந்த பணம் காணிக்கு மட்டுந்தான் காணும், வரிக்குக் காணாது. கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி ஒருவர் அவருடைய நண்பர். தந்தை அவரை நானா என்பார். அவர் தந்தையைக் கணக்கப்பிள்ளை என்றே அழைப்பார். "என் பெயரில் எழுதி வைப்போம், கணக்கப்பிள்ளை. உங்களுக்குக் குடியுரிமை வந்த நாளில் மாற்றிக்கொள்ளலாம்" என்றார் நானா.

நொத்தாரிசின் அறைக்கு வெளியே, படியில் வைத்துத் தந்தை பணத்தை நானாவிடம் கொடுத்தார். நானா உள்ளே போய் அதை மேசையில் வைத்தார். நம் சட்டப்படி, பணம் தம் முன்னிலையில் கொடுக்கப்பட்டதா என்பதை நொத்தாரிசு தம் அத்தாட்சியில் எழுத வேண்டும். நொத்தாரிசு கண்டதைத்தான் எழுதினார். வாங்கியவர் பணம் கொடுத்தார், நான் கண்டேன். அந்த வரியில் என் தந்தை இல்லை. சாட்சியாகக்கூட அவர் நிற்கவில்லை.

இது சரியான காரியமா என்று வாசகர் கேட்கலாம். சட்டத்தின் கண்ணில் சரியில்லை. வரியைத் தவிர்க்கச் செய்த ஏற்பாடு அது. அதனாலேயே இருவரும் தனியாக ஒரு சீட்டும் எழுதிக்கொள்ளவில்லை. எழுதினால் அதுவே குற்றத்துக்குச் சாட்சியாகும். 1917இன் நம்பிக்கைப் பொறுப்புச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, ஒருவர் பணம் கொடுத்து வேறொருவர் பெயரில் காணி வாங்கப்பட்டால், அதை அவருக்கே கொடையாக விடும் எண்ணம் இருக்கவில்லை என்று தெரியும்போது, பெயர் கொண்டவர் பணம் கொடுத்தவருக்காகவே அதை வைத்திருக்க வேண்டும் என்கிறது. ஆனால் அதை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். படியில் கைமாறிய பணத்துக்கு எந்த நிரூபணம்?

தந்தை அந்தக் காணியில் தகரக் கூரையோடு இரண்டு அறைகள் கட்டினார். 1983 ஜூலை 27ஆம் திகதி கலவரம் பதுளைக்கு வந்தது. வீடு எரிந்தது. நாங்கள் தோட்டத்து லயத்தில் ஒளிந்திருந்தோம். உறுதி மட்டும் தப்பியது, அது நானாவின் இரும்புப் பெட்டியில் இருந்ததால்.

1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டத்தின் பிறகுதான் எங்கள் வீட்டில் பிரஜாவுரிமை உறுதியாயிற்று. 1990இல் ஒரு நாள் காலையில் நானா தாமாகவே லயத்துக்கு வந்தார். "கணக்கப்பிள்ளை, எனக்கு வயதாகிறது. என் பிள்ளைகளுக்கு இது தெரியாது. இன்றைக்கே வாருங்கள்" என்றார். உரிமை மாற்ற உறுதி எழுதப்பட்டது. முத்திரைச் செலவை மட்டும் தந்தை கொடுத்தார். பதினாறு ஆண்டுகள் எங்கள் காணி ஒரு மனிதரின் சொல்லில் மட்டுமே நின்றது. அடுத்த ஆண்டு அந்த மனிதர் காலமானார்.

பிறகு பத்திரிகையாளனாகப் பதுளை நீதிமன்றத்தில் அமர்ந்து செய்தி எழுதியபோது, நானாவைப் போன்றவர் வாய்க்காத குடும்பங்களைக் கண்டேன். பெயர் கொடுத்தவர் இறந்துபோக, பிள்ளைகள் உறுதியைக் காட்டிக் காணியை எடுத்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. தாளில் இருந்தது அவர்களுடைய தந்தையின் பெயர்தான்.

*

தோட்டங்களுக்குள் இருந்தவர்களுக்கு இந்த வாய்ப்பும் இல்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்கள் பெருந்தோட்டங்களை அரசிடம் கொண்டுவந்தன. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போயிற்று; நிலம் அரசுடையதாகவே இருந்தது. லயத்துக் காம்பராவில் நான்கு தலைமுறை வாழ்ந்தவர் அதை விற்கவோ ஈடு வைக்கவோ பெயர் மாற்றவோ முடியாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அது ஆபத்தான இடம் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி அமைப்பு முன்னரே எச்சரித்திருந்தது. ஆனால் போவதற்கென்று வேறு நிலம் அங்கிருந்தவர்கள் பெயரில் இருக்கவில்லை.

ஏழு பேர்ச்சஸ் காணியில் தனிவீடு என்ற திட்டம் மெல்ல மெல்ல நடக்கிறது. ஏழு பேர்ச்சஸ் என்றால் ஏறத்தாழ 1,900 சதுர அடி. 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில், இந்திய உதவி வீட்டுத் திட்டப் பயனாளிகளுக்கு வீட்டு உரிமைப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. அடுத்த மாதமே டித்வா புயல் வந்து பதுளை மாவட்டத்து மலைகளை மீண்டும் சரித்தது. பத்திரம் கிடைப்பது ஒன்று, அது எந்த மண்ணுக்கு என்பது இன்னொன்று என்பதை மலை நமக்குத் திரும்பவும் சொல்லிக் காட்டியது.

*

மருமகளின் கதைக்குத் திரும்புகிறேன். ரொறன்ரோவில் வீடு வாங்கி முடித்த பின், பதுளையிலும் ஒரு சிறு காணி வேண்டும் என்று ஆசைப்பட்டாள். கனடாக் கடவுச்சீட்டு எடுத்தபோது இலங்கைப் பிரஜாவுரிமை போய்விட்டது. இரட்டைப் பிரஜாவுரிமை இன்னும் எடுக்கவில்லை. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம், சில விலக்குகள் நீங்கலாக, வெளிநாட்டவருக்குக் காணி உரிமை கைமாறுவதைத் தடை செய்கிறது. "மாமா, உங்கள் பெயரில் வாங்கி வையுங்களேன். பணம் நான் அனுப்புகிறேன்" என்றாள்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நொத்தாரிசு வாசல் படியில் நின்ற தந்தையின் முகம் என் கண் முன் வந்தது. அப்போது பெயர் இல்லாமல் நின்றவர் அவர். இப்போது பெயர் கொடுக்கக் கேட்கப்பட்டவன் நான். மறுத்துவிட்டேன். அவளுக்கு மனவருத்தந்தான்.

"அந்த ஊரில் வாசலில் நின்றவர் யாருடைய ஆள் என்று நீ எனக்குச் சொல்லித் தந்தாய். இங்கே நான் நாளைக்குச் செத்தால், உன் காணி யாருடையது என்று எந்தத் தாள் சொல்லும்?" என்று கேட்டேன். முதலில் இரட்டைப் பிரஜாவுரிமை எடுக்கச் சொன்னேன். அது வந்த பின் வாங்கும் முறையையும் எழுதி அனுப்பினேன். வெளிநாட்டில் இருந்து இவ்வாறு யோசிக்கும் வாசகர் பலர் இருப்பதால் அதை இங்கேயும் தருகிறேன்.

விற்பவர் காட்டும் நொத்தாரிசை விட்டுவிட்டு, நீங்களே ஒருவரை அமர்த்துங்கள். காணிப் பதிவகத்து ஏடுகளைக் குறைந்தது முப்பது ஆண்டுகளுக்குப் பின்னோக்கித் தேடச் சொல்லுங்கள். தேடுவது நொத்தாரிசின் கடமை. ஆனால் தேடல் வேண்டாம் என்று நீங்கள் எழுத்தில் கொடுத்தால் அவருக்கு அந்தக் கடமை இல்லை. கையெழுத்து வைக்கும் அவசரத்தில் அந்தத் தாளும் நடுவே வரலாம். உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் உறுதி இருந்தால், வரி வரியாக விளக்கக் கேளுங்கள். தோட்டத்திலிருந்து பிரிந்த காணி என்றால் காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவிடமும், மலைச்சரிவு என்றால் கட்டிட ஆராய்ச்சி அமைப்பிடமும் விசாரித்த பிறகே அச்சாரம் கொடுங்கள். உறுதி முடிந்ததும் தாமதியாமல் பதியுங்கள். ஒரே காணிக்கு இரண்டு உறுதிகள் மோதினால், முந்திப் பதிந்தவர் பக்கமே சட்டம் சாயும். மூல உறுதி தொலைந்தாலும் கலங்க வேண்டாம். அதன் இரட்டைப் பிரதி பதிவகத்திலும், மூலப் பதிவு நொத்தாரிசிடமும் இருக்கும்.

எங்கள் பன்னிரண்டு பேர்ச்சஸ் காணி இன்னும் இருக்கிறது. தந்தை திரும்பக் கட்டிய வீட்டில் தம்பி வசிக்கிறான். சென்ற முறை போனபோது இரண்டு உறுதிகளையும் எடுத்துப் பார்த்தேன். 1974ஆம் ஆண்டு உறுதியில் நானாவின் கையெழுத்து வாங்குபவராக இருக்கிறது. 1990ஆம் ஆண்டு உறுதியில் அதே கையெழுத்து, சற்று நடுங்கிய கோட்டோடு, கொடுப்பவராக இருக்கிறது. வாங்குபவர் பக்கம் நின்ற ஒரே மனிதரின் பெயர் அந்த இரண்டு தாள்களிலும் வேறு ஏதோவாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது.